உழைக்கும் வண்டியும் பேரெடுத்த வண்டியும்

எந்தக் கார் கம்பெனிக்கு அதன் தகுதிக்கு மீறிய பேர் இருக்கிறது என்கிற சண்டை கள்ளக்குறிச்சியில் ஓய்ந்ததாக எனக்கு நினைவில்லை. பேருந்து நிலைய டீக்கடையில் அது நடக்கிறது. சேலம் – உளுந்தூர்பேட்டை சாலையோரப் பட்டறைகளில் நடக்கிறது. கல்யாண மண்டபத்து வாசலில், பந்திக்குக் காத்திருக்கும் நேரத்தில் நடக்கிறது. ‘டொயோட்டா சாவாது’, ‘மாருதி தகர டப்பாய்யா, ஆனா செலவு வைக்காது’, ‘டாடா இரும்பு’, ‘ஜெர்மன்காரன் ஜெர்மன்காரன்தான்’. இந்த நான்கு வாக்கியங்களையும் மாற்றி மாற்றிச் சொல்லிக்கொண்டே ஒரு சாயங்காலத்தைக் கழித்துவிடலாம். கழித்துக்கொண்டும் இருக்கிறோம்.

இதெல்லாம் ஒரு சிற்றிதழில் பேசுகிற விஷயமா என்று நண்பர்கள் முகம் சுளிக்கலாம். தமிழ் எம்.ஏ. படித்தவனுக்கு கிளட்ச் பிளேட்டில் என்ன வேலை என்றும் கேட்கலாம். ரோலான் பார்த் 1957இல் வெளியான தன்னுடைய ‘தொன்மங்கள்’ நூலில் சிட்ரோயன் கம்பெனியின் புதிய காரைப் பற்றி ஒரு கட்டுரை வைத்திருக்கிறார். மல்யுத்தத்தையும் சோப்புத்தூளையும் வாசித்த அதே கண்ணால் காரையும் வாசித்தார். அந்த முன்னுதாரணம் ஒரு சமாதானம்தான். என் காரணம் வேறு. ‘தரம்’ என்ற சொல்லை வைத்து நாற்பது ஆண்டுகளாக இலக்கியத்தில் மண்டையை உடைத்துக்கொண்டவர்கள் நாம். யார் தரம் என்கிறார், எதை அளந்து சொல்கிறார், யாரை அளக்காமல் விட்டுவிட்டுச் சொல்கிறார் என்று கேட்கக் கற்றுக்கொண்டிருக்கிறோம். அதே கேள்வியை ஒரு ஜீப்பைப் பார்த்துக் கேட்க ஏன் கூச்சப்பட வேண்டும்? கவிதையின் தரத்தில் தப்பு நேர்ந்தால் யாரும் சாவதில்லை. வண்டியின் தரத்தில் அப்படி இல்லை.

1

முதலில் சொற்களைப் பார்ப்போம். ‘நம்பகத்தன்மை’ என்று விளம்பரங்களும் பத்திரிகைகளும் எழுதுகின்றன. பட்டறையில் இந்தச் சொல்லை யாரும் வாயில் போட்டு நான் கேட்டதில்லை. அங்கே இருக்கும் சொல் ‘உழைப்பு’. ‘வண்டி நல்லா உழைச்சிருக்கு’, ‘இந்த இன்ஜின் உழைக்கும்’. செருப்புக்கும் வேட்டிக்கும் பாய்க்கும் சொல்கிற அதே சொல். தமிழில் ஒரு பொருள் நீடிப்பதில்லை, உழைக்கிறது. பொருளையும் ஆளையும் ஒரே வினைச்சொல்லால் பேசுகிற ஒரு சமூகத்தின் அனுபவம் அதற்குள் உட்கார்ந்திருக்கிறது. உழைக்கிறவன் யாருக்காக உழைக்கிறான், எந்தச் சுமையை இழுக்கிறான், எந்த மேட்டில் ஏறுகிறான் என்கிற கேள்விகள் அந்த வினைச்சொல்லோடு ஒட்டியே வருகின்றன. ‘நம்பகத்தன்மை’யில் இவை எதுவும் இல்லை. அது காருக்குள்ளேயே, கம்பெனி முத்திரைக்குப் பின்னாலேயே இருக்கிற ஒரு குணம் போலக் காட்டப்படுகிறது.

இன்னொரு சொல் ‘பேர்’. ‘அந்தக் கம்பெனிக்குப் பேர் இருக்கு.’ பேர் என்பது உழைப்பிலிருந்து வரலாம். விளம்பரத்திலிருந்தும், வேறு வண்டி கிடைக்காத காலத்திலிருந்தும், ஊர்ப் பெரிய மனிதர் வைத்திருந்தார் என்பதிலிருந்தும் வரலாம். ஒருமுறை வந்துவிட்டால் எங்கிருந்து வந்தது என்பது மறைந்துபோகும். பேர் என்கிற குறி தன் மூலத்தை விழுங்கிவிடுகிற இந்த இடத்தில்தான் நம் விமர்சன வேலை தொடங்குகிறது.

டீக்கடைச் சண்டையில் குறைந்தது நான்கு வேறு வேறு சங்கதிகள் ‘தரம்’ என்ற ஒரே சாக்குக்குள் போட்டுக் கட்டப்படுகின்றன. வண்டி வழியில் நிற்காமல் போவது ஒன்று. நின்றால் உள்ளூரிலேயே சரிசெய்ய முடிவது ஒன்று. பத்துப் பதினைந்து வருஷம் கழித்தும் விலை போவது ஒன்று. மோதினால் உள்ளே இருப்பவர் உயிரோடு வருவது ஒன்று. இவற்றில் ஒன்றில் வாங்கிய பேரை இன்னொன்றுக்குச் செலவழிப்பதுதான் மிகை மதிப்பு என்பதற்கு என்னுடைய இலக்கணம். அந்த இலக்கணத்தை வைத்துச் சில பேர்களை வாசித்துப் பார்க்கலாம்.

2

அம்பாசடரிலிருந்து தொடங்குவது நியாயம். மோரிஸ் ஆக்ஸ்ஃபோர்டு என்கிற ஆங்கிலேயக் காரின் அச்சை வாங்கி 1957 வாக்கில் உத்தர்பாராவில் இந்துஸ்தான் மோட்டார்ஸ் தொடங்கிய உற்பத்தி 2014 மே மாதம் நின்றது. அதற்குப் பிறகு வந்த இரங்கல் கட்டுரைகளைப் படித்தவர்கள், அப்படியொரு உழைப்பாளி வண்டி உலகத்திலேயே கிடையாது என்றுதான் நினைப்பார்கள். உண்மையில் அம்பாசடர் அடிக்கடி பழுதாகிற வண்டி. ஆனால் எந்த ஊரிலும் எந்தப் பட்டறையிலும் பிரித்துப் பூட்ட முடிந்த வண்டி. கொதித்தால் தண்ணீர் ஊற்று, ஓடும். பழுது பார்க்கலாம் என்கிற குணத்துக்கு, பழுதே ஆகாது என்கிற பேரைக் கொடுத்துவிட்டோம். லைசென்ஸ் ராஜ்யத்தில் முன்பணம் கட்டிவிட்டு வருஷக்கணக்கில் காத்திருந்து வாங்கிய வண்டியைக் குறை சொல்ல யாருக்கு மனசு வரும்? போட்டி இல்லாத இடத்தில் பேர் தானாக முளைக்கும். அரசு அதிகாரியின் வெள்ளை அம்பாசடர், மேலே சுழல்விளக்கு: அந்தப் பிம்பத்தில் உழைத்தது இன்ஜின் மட்டுமா, அதிகாரமும்தான்.

இதற்கு எதிர்ப்பக்கம் நம்மூர்க் கதை ஒன்று உண்டு. சென்னையில் ஸ்டாண்டர்டு மோட்டார் புராடக்ட்ஸ் கம்பெனி 1961 முதல் ஹெரால்டு கார்களைச் செய்தது. மதராஸ் நடுத்தர வர்க்கம் ‘நம்ம வண்டி’ என்று கொண்டாடிய பேர் அது. அந்தப் பேரை முதலாக வைத்து 1985இல் ‘ஸ்டாண்டர்டு 2000’ என்று ஒன்றை இறக்கினார்கள். மேல்கூடு ரோவர் எஸ்.டி.1 என்கிற ஐரோப்பிய ஆடம்பரக் காருடையது. உள்ளே வைத்தது பழைய வான்கார்டு காலத்து இரண்டு லிட்டர் இன்ஜின். கனமான உடம்பை அந்தக் கிழட்டு இன்ஜின் இழுக்கத் திணறியது, பெட்ரோலைக் குடித்தது, விலையும் எட்டாத உயரம். 1988இல் கடை மூடியாகிவிட்டது. கூடு ஒரு காலத்தையும் இன்ஜின் இன்னொரு காலத்தையும் சேர்ந்தவையாக இருந்தால் பேர் எவ்வளவு தூரம் தூக்கிச் சுமக்கும் என்பதற்கு இதைவிடத் தெளிவான பிரதி தமிழ்நாட்டில் கிடைக்காது. 1983 டிசம்பரிலேயே மாருதி 800 வந்துவிட்டது என்பதும் இதில் சேர்த்தி. ஒப்பிட இன்னொன்று வந்த உடனே பேர் அம்பலப்பட்டுப் போகிறது.

3

இன்றைக்கு நிலைமை இன்னும் சுவாரஸ்யமானது. பேர் என்பது பொருளைவிட்டுத் தனியாகக் கழன்று, வாடகைக்கு விடப்படும் சரக்காகவே ஆகிவிட்டது.

2019 ஜூனில் டொயோட்டா ‘கிளான்சா’ என்று ஒரு காரை இந்தியாவில் விற்க ஆரம்பித்தது. அது மாருதி சுசுகியின் பலேனோதான். சுசுகி தொழிற்சாலையில் செய்து, முகப்பில் டொயோட்டா முத்திரை குத்தி வந்தது. டீக்கடையில் ஒரே ஆள், ஒரே மூச்சில், பலேனோவைத் ‘தகரம்’ என்றும் கிளான்சாவை ‘என்ன இருந்தாலும் டொயோட்டா’ என்றும் சொல்வதைக் கேட்டிருக்கிறேன். தகரம் ஒன்றுதான், தகரத்தின் மேல் இருக்கிற குறிதான் இரண்டு. இதில் ஒரு நிஜமான வித்தியாசம் இருந்தது: அந்தச் சமயத்தில் மாருதி இரண்டு வருஷம் அல்லது 40,000 கிலோமீட்டர் வாரண்டி கொடுத்தபோது, டொயோட்டா மூன்று வருஷம் அல்லது ஒரு லட்சம் கிலோமீட்டர் கொடுத்தது. கையெழுத்துப் போட்டுக் கொடுத்த வாக்குக்கு அதிக விலை கொடுப்பதில் அர்த்தம் இருக்கிறது. முத்திரைக்குக் கொடுப்பதில் என்ன அர்த்தம்?

இதே வித்தை திருப்பியும் நடந்தது. 2023இல் மாருதி ‘இன்விக்டோ’ என்று கொண்டுவந்தது டொயோட்டாவின் இன்னோவா ஹைகிராஸ். விற்பனையில் அது இன்னோவாவின் நிழலைக்கூடத் தொடவில்லை. ‘இவ்வளவு காசு குடுத்து மாருதியா வாங்குறது?’ என்பதுதான் கேள்வி. ஒரகடத்தில் ஒரே தொழிற்சாலையில் ரெனோ டஸ்டரும் நிஸான் டெர்ரானோவும் செய்யப்பட்டதும் இதே ஜாதிக் கதைதான். ஜாதி என்ற சொல்லை விளையாட்டுக்குப் போடவில்லை. பிறந்த இடத்தை வைத்து உயர்வு தாழ்வு சொல்கிற பழக்கம் நமக்குக் காரிலும் ஒட்டிக்கொண்டிருக்கிறது. ஆனால் இங்கே பிறந்த இடமே ஒன்றாக இருக்கிறபோதும் பேரை வைத்து உயர்வு தாழ்வு நிலைத்துவிடுகிறது.

டொயோட்டாவின் பேர் முழுக்கப் பொய் என்று நான் சொல்ல வரவில்லை. 2000இல் வந்த குவாலிஸும், 2005இல் அதன் இடத்துக்கு வந்த இன்னோவாவும் வாடகை வண்டி ஓட்டுகிறவர்களிடம் உழைத்தே பேரெடுத்தவை. அந்தப் பேர் மற்றவர்கள் செய்த காருக்கும் கடனாகப் போவதைத்தான் மிகை என்கிறேன். பேர் காவல்காரனும் இல்லை. டொயோட்டா குழுமத்தைச் சேர்ந்த இன்னொரு கம்பெனி டீசல் இன்ஜின்களின் திறன் சோதனையில் ஒழுங்கு மீறியது 2024 ஜனவரியில் வெளியே வந்தபோது, இந்தியாவில் இன்னோவா கிரிஸ்டா, ஃபார்ச்சூனர் வண்டிகளை அனுப்புவதையே சில நாள் நிறுத்திவைக்க வேண்டியிருந்தது.

மிகை மதிப்புப் பட்டியலில் முதல் இடம் எதற்கு என்று என்னைக் கேட்டால், ‘ஜெர்மன் தரம்’ என்கிற சொல்லாடலுக்கு என்பேன். கதவைச் சாத்தினால் ‘டப்’ என்று கேட்கிறது. பானை வாங்குகிறவர்கள் தட்டிப் பார்ப்பதுபோல ஷோரூமில் தட்டிப் பார்க்கிறோம். 2014 ஜனவரியில் ‘குளோபல் என்கேப்’ என்கிற அமைப்பு இந்தியக் கார்களை மோதிச் சோதித்தபோது, மாருதி ஆல்ட்டோ, டாடா நானோ, ஹூண்டாய் ஐ10, ஃபோர்டு ஃபிகோ ஆகியவற்றோடு ஃபோக்ஸ்வாகன் போலோவும் பெரியவர்களுக்கான பாதுகாப்பில் பூஜ்யம் வாங்கியது. போலோவின் கூடு உறுதியாகத்தான் இருந்தது. காற்றுப்பை இல்லாமல் விற்றார்கள். காற்றுப்பை வைத்த அதே போலோ நான்கு நட்சத்திரம் வாங்கியது. ‘ஜெர்மன் இரும்பு’ அங்கே உயிரைக் காக்கவில்லை. விலைப்பட்டியலில் எந்த வரியை வாங்கினாய் என்பது காத்தது. அடுத்த ஆண்டு, 2015 செப்டம்பரில், புகைச் சோதனையை ஏமாற்றும் மென்பொருளை வைத்து அதே கம்பெனி உலகம் முழுக்க ஒரு கோடிக்கும் மேற்பட்ட டீசல் கார்களை விற்றது அம்பலமானது. இந்தியாவில் மட்டும் திரும்ப அழைக்க வேண்டியிருந்தவை 3 லட்சத்துக்கு மேல். 2019இல் தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் 500 கோடி ரூபாய் அபராதம் விதிக்க, விவகாரம் உச்ச நீதிமன்றம் போனது. பொறியியல் நேர்மை என்கிற பேரைத்தான் அவர்கள் விற்றார்கள், அதிலேயே கலப்படம்.

எனக்கு வேண்டிய ஒரு குடும்பம் பேர்பெற்ற கம்பெனி ஒன்றின் காரைப் பழையதாக வாங்கியது. கம்பெனிப் பேர் இங்கே தேவையில்லை. கியர் பெட்டியில் ஒரு பாகம் போய், அது வந்து சேர ஒரு மாதத்துக்கு மேலாகி, வண்டி சேலத்தில் ஷெட்டிலேயே கிடந்தது. அந்தக் கார் மட்டமானது என்று இதிலிருந்து சொல்ல முடியாது. கள்ளக்குறிச்சியில் அது மட்டமானது என்று சொல்லலாம். ஸ்பேர் எங்கே கிடைக்கிறது, எந்த மெக்கானிக் கை வைப்பார் என்பதை விட்டுவிட்டுத் தரம் என்று ஒன்று ஆகாயத்தில் தொங்கவில்லை.

4

பிறகு நட்சத்திரங்கள். 2018 டிசம்பரில் டாடா நெக்ஸான் ஐந்து நட்சத்திரம் வாங்கியதிலிருந்து ‘டாடா இரும்பு’ என்பது ஊர் வாக்காகிவிட்டது. அந்த நட்சத்திரம் நிஜம், பெரிய விஷயமும்கூட. ஆனால் மோதினால் என்ன ஆகும் என்பதை மட்டுமே அது சொல்கிறது. ஏ.சி. மூன்றாம் வருஷம் வேலை செய்யுமா, மின்வயர்கள் எலியையும் மழையையும் தாங்குமா என்பதைப் பற்றி அதற்கு ஒரு கருத்தும் இல்லை. ஒரு மாடலின் நட்சத்திரம் கம்பெனியின் மற்ற வண்டிகளுக்குச் சொத்துரிமையாகவும் போய்ச் சேராது. மஹிந்திரா ஸ்கார்பியோ 2016இல் பூஜ்யம். ஸ்கார்பியோ-என் 2022இல் ஐந்து. பொலேரோ நியோ 2024 ஏப்ரலில் ஒன்று. ‘தகர டப்பா’ என்று எல்லோரும் திட்டிய மாருதியின் புதிய டிசையர் 2024 நவம்பரில் ஐந்து வாங்கியது. இவற்றுக்குப் பின்னும் கம்பெனிப் பேரைச் சொல்லிப் பாதுகாப்பைப் பேசுகிறவர்கள் வண்டியைப் பேசவில்லை, கொடியைப் பேசுகிறார்கள்.

‘மெக்கானிக்கைக் கேளு, உண்மை தெரியும்’ என்பது நம்மிடம் இருக்கிற இன்னொரு தொன்மம். மெக்கானிக்கின் அறிவை நான் மதிக்கிறேன்; புத்தகத்தில் கிடைக்காத அறிவு அது. ஆனால் அவர் பார்ப்பது நின்றுபோன வண்டிகளை மட்டும். அதிகம் விற்கிற வண்டிதான் அவர் பட்டறைக்கு அதிகம் வரும். ‘வாரத்துக்கு நாலு இந்த வண்டிதான் சார் வருது’ என்றால், ஊரில் அந்த வண்டி எத்தனை ஓடுகிறது என்று கேட்காமல் அதிலிருந்து ஒன்றும் சொல்ல முடியாது. வகுக்கும் எண் இல்லாத கணக்கு அது.

அந்த வகுக்கும் எண் யாரிடம் இருக்கிறது? ஜெர்மனியில் கட்டாயச் சோதனைக்கு வரும் கார்களில் எந்த மாடலில் எவ்வளவு சதவீதம் பழுது என்று டி.யூ.வி. அமைப்பு ஆண்டறிக்கை போடுகிறது. பிரிட்டனில் வருடாந்திரச் சோதனையின் முடிவுகளை அரசே பொதுவில் வைக்கிறது. அமெரிக்காவில் 1936 முதல் வரும் ‘கன்ஸ்யூமர் ரிப்போர்ட்ஸ்’ இதழ் விளம்பரம் வாங்காமல், காரைத் தன் காசில் வாங்கிச் சோதிக்கிறது. நம்மிடமும் சோதனை இருக்கிறது. மஞ்சள் போர்டு வண்டிகள் எட்டு வருஷம் வரை இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை, அதற்கப்புறம் வருஷா வருஷம் எஃப்.சி.க்குப் போய் நிற்கின்றன. அந்த வரிசையில் எந்த மாடலுக்குப் பிரேக் தேறவில்லை, எதற்கு ஸ்டியரிங் தேறவில்லை என்பது அரசுக் காகிதத்தில் ஏறுகிறது. மாடல் வாரியாக மக்கள் கையில் அது வருவதில்லை. மக்கள் கையில் வருவது விளம்பரமும் வதந்தியும். பேர் என்கிற பேய் நடமாடுவது இந்த இருட்டில்தான்.

பொருளியலாளர் ஜார்ஜ் அகெர்லாஃப் 1970இல் பழைய கார்ச் சந்தையை வைத்து ஒரு கட்டுரை எழுதினார். விற்கிறவனுக்கு வண்டியின் குறை தெரியும், வாங்குகிறவனுக்குத் தெரியாது. ஆகவே வாங்குகிறவன் எல்லா வண்டிக்கும் குறைத்தே கேட்பான். நல்ல வண்டி வைத்திருப்பவன் அந்த விலைக்கு விற்காமல் விலகுவான். சந்தையில் மட்டமானவை மிஞ்சும். மீட்டரைத் திருப்பி வைக்கும் வித்தை தெரிந்த நம் ஊருக்கு இதை விளக்கவே வேண்டாம். இந்தச் சந்தையில் ‘பேர்’ ஒரு ஊன்றுகோல். வேறு தகவல் இல்லாதவன் அதைப் பிடித்துக்கொள்கிறான். அவனைப் பிம்ப மயக்கத்தில் இருக்கிறான் என்று நாம் நையாண்டி செய்வது சுலபம். தகவலை அடைத்துவைத்தவர்களைக் கேட்பதுதான் கஷ்டம்.

தோழர்கள் ஒன்றைக் கேட்பார்கள்: இந்தத் தரத்தை உண்டாக்குகிற தொழிலாளி எங்கே? நியாயம். 2011இலும் 2012இலும் மானேசரில் மாருதித் தொழிலாளர்கள் போராடியபோது, வரிசை ஓடும் வேகமும் டீ குடிக்கவும் ஒதுங்கவும் கிடைக்கும் சில நிமிஷங்களும்கூடப் பிரச்சினையாக இருந்தன. ‘செலவு வைக்காத வண்டி’ என்ற பேரில் அந்த நிமிஷங்களும் சேர்ந்திருக்கின்றன. வண்டி உழைக்கும் என்று சொல்லும்போது யார் உழைப்பு அது என்று தமிழ் வினைச்சொல்லே கேட்கிறது. நாம்தான் காதில் வாங்குவதில்லை.

5

இனி மலைக்கு ஏறுவோம். கச்சிராயபாளையம் தாண்டி கோமுகி அணை அருகே ஏற ஆரம்பிக்கிற சாலை வெள்ளிமலைக்கும் கரியாலூருக்கும் போகிறது. கல்வராயன் மலை மூன்று ஜாகீர்தார்களின் கையில் இருந்தது. 1976இல்தான் அரசு நேரடியாக எடுத்துக்கொண்டது. அங்கே சாலையும் பேருந்தும் எவ்வளவு தாமதமாக, எவ்வளவு குறைவாக வந்தன என்பதற்கு இந்தப் பின்னணி முக்கியம். 2024 ஜூனில் கள்ளக்குறிச்சி கருணாபுரத்தில் கள்ளச்சாராயச் சாவுகள் நடந்த பிறகுதான், கல்வராயன் மலை மக்களின் வாழ்நிலையைச் சென்னை உயர் நீதிமன்றம் தானாக முன்வந்து வழக்காக எடுத்தது. சாலையும் பேருந்தும்கூட நீதிமன்றம் கேட்டு வாங்கித்தர வேண்டியவையாக இருந்தன.

மலையில் ‘ஜீப்பு’ என்றால் அது பிராண்ட் கிடையாது. ஆள் ஏற்றுகிற, மேடு ஏறுகிற எந்த வண்டியும் ஜீப்புதான். ‘ஜீப்’ ஒரு அமெரிக்க முத்திரை. அதன் உரிமையாளர்கள் மஹிந்திராவின் ராக்ஸார் வண்டி தங்கள் ஜீப்பின் உருவத்தைத் திருடியது என்று 2018இல் அமெரிக்காவில் வழக்கே போட்டார்கள். நகரத்தில் லட்சங்களைக் கொட்டி வாங்குகிறவருக்கு ‘ஜீப்’ ஒரு சாகசக் குறி. மலையாளி பழங்குடிப் பெண் ஒருத்திக்கு அது வாரச் சந்தை, ரேஷன் மூட்டை, பிரசவ வலி. டாடா ஏஸைக் ‘குட்டி யானை’ ஆக்கிய அதே மக்கள் மொழி, முத்திரையைக் கழற்றி எறிந்துவிட்டு வேலையைப் பேராக வைத்திருக்கிறது. பிராண்டைக் கட்டுடைப்பதற்கு இதைவிட நேரான வழியைக் கோட்பாட்டாளர்கள் சொல்லித் தரவில்லை.

ஆனால் மொழியில் கிடைத்த இந்த விடுதலை சாலையில் கிடைக்கவில்லை. மலைக்கு வரும் வண்டி பெரும்பாலும் சமவெளியில் உழைத்து முடித்து, இரண்டாம் கை மூன்றாம் கையாக ஏறி வருவது. கம்பெனிகளுக்குப் பேர் வாங்கித் தரும் ஆய்வுகள் வண்டியின் முதல் சில வருஷங்களை, முதல் சொந்தக்காரரைக் கேட்டு எழுதப்படுகின்றன. 2021 ஏப்ரல் முதல் அமலுக்கு வந்த கட்டாயத் திரும்ப அழைப்பு விதியும் ஏழு வருஷத்துக்கு உட்பட்ட வண்டிகள் மேல் வரும் புகார்களுக்குத்தான் பொருந்துகிறது. மலையேறும்போது வண்டிக்கு வயசு எட்டோ பத்தோ. அதன் கோளாறு எந்தக் கம்பெனியின் கணக்கிலும் ஏறாது. ‘நம்பகமான கம்பெனி’ என்பதன் பொருள், நம்பகம் குறைகிற வயசில் யாரும் கணக்கெடுக்காத கம்பெனி என்பதாகவும் இருக்கலாம்.

அதைவிடப் பெரிய மௌனம் பிக்கப் வண்டிகளில் இருக்கிறது. மரவள்ளிக்கிழங்கு ஏற்றும் அதே தொட்டியில் கூலி வேலைக்கும் திருவிழாவுக்கும் ஆட்கள் நின்றுகொண்டு போகிறார்கள். குளோபல் என்கேப்பின் நட்சத்திரமும், 2023 அக்டோபரில் தொடங்கிய பாரத் என்கேப்பின் நட்சத்திரமும் பயணிகள் கார்களுக்குத்தான். சரக்கு வண்டிக்குக் கிடையாது. அதன் தொட்டியில் நிற்கிறவருக்குக் கேட்கவே வேண்டாம். கவிழ்ந்தால்? சரக்கு வண்டியில் இலவசமாக ஏறிப்போன பயணிக்கு இழப்பீடு கொடுக்கும் பொறுப்பு இன்சூரன்ஸ் கம்பெனிக்கு இல்லை என்று 2002 டிசம்பரில் ஆஷா ராணி வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. 2022 ஏப்ரலில் பக்கத்து ஜவ்வாது மலையில், கோயிலுக்கு ஆட்களை நெருக்கி ஏற்றிப்போன வேன் கவிழ்ந்து பத்துப் பேருக்கு மேல் செத்தார்கள், பெரும்பாலும் பெண்கள். டீக்கடைச் சண்டையில் அந்த வண்டியின் கம்பெனி என்ன என்று யாரும் கேட்கவில்லை. அங்கே கம்பெனி ஒரு பொருட்டே இல்லை என்பதுதான் விஷயம்.

‘ஏன் ஏறுறாங்க? சட்டப்படி தப்புதானே?’ என்று கேட்கிறவர்கள், அடுத்த பஸ் எத்தனை மணிக்கு என்றும் சேர்த்துக் கேட்க வேண்டும். ‘காரைப் பற்றிய பேச்சே நடுத்தர வர்க்கத்தின் பேச்சு, பொதுப் போக்குவரத்துதான் தீர்வு’ என்கிற தோழர்களுக்கும் ஒன்று சொல்ல வேண்டும். தீர்வு அதுதான், சந்தேகமில்லை. ஆனால் பஸ் வருகிற வரைக்கும் நாளைக் காலையில் ஏறப்போகிற வண்டியின் பிரேக்கைப் பற்றிப் பேசாமல் இருப்பது புரட்சி ஆகாது. பஸ் கேட்கிற மனுவிலேயே இன்னும் இரண்டு வரி சேர்க்கலாம். எஃப்.சி. சோதனையில் எந்த மாடல் எதில் தேறவில்லை என்பதை மாவட்டவாரியாக வெளியிடு. மக்கள் ஏறிப்போகிறார்கள் என்று தெரிந்தே விற்கப்படும் பிக்கப் வண்டிகளுக்கும் மோதல் சோதனை வை. இரண்டுக்கும் கோட்பாடு தேவையில்லை, வெட்கம் இருந்தால் போதும்.

எந்தக் கம்பெனிக்கு மிகையான பேர் என்கிற கேள்விக்கு என் பதில் இதுதான். ஜெர்மன் பேருக்கு மிகை அதிகம். டொயோட்டாவின் பேர் சொந்த வண்டியில் நியாயம், கடன் வண்டியில் மிகை. டாடாவின் நட்சத்திரத்துக்கு மதிப்பு உண்டு, அந்த நட்சத்திரத்தை வைத்து மற்ற குணங்களையும் சேர்த்து விற்பதில் மிகை. மாருதிக்கு ஒரு காலத்தில் பாதுகாப்பில் கிடைத்த வசவு நியாயம், இன்றைக்கு மாடல் மாடலாகப் பார்த்துத்தான் திட்ட வேண்டும். இதை ஏற்காதவர்கள் எழுதலாம், சண்டை தொடரட்டும். ஒரே ஒரு நிபந்தனை. எந்தக் கம்பெனியைத் தூக்கினாலும், எந்த வருஷத்து வண்டி, எந்தச் சாலை, யார் சுமை, பின்னால் நிற்கிறவர் எத்தனை பேர் என்று சொல்லிவிட்டுத் தூக்க வேண்டும். ‘நல்ல வண்டி’ என்று மட்டும் சொல்கிறவரிடம் ‘யாருக்கு உழைச்ச வண்டிங்க அது?’ என்று கேட்டுவிட்டு டீயைக் குடிக்கலாம்.